குரல் நாணில் பப்பிலோமா: எடுத்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: வயது 38. மூன்று மாதமாகக் குரல் கம்மியிருந்தது. குரல் நாணில் இருந்த வளர்ச்சியை மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். பயொப்சி ரிப்போர்ட்டில் ‘பப்பிலோமா, புற்றுநோய் இல்லை’ என்றிருக்கிறது. வைரஸால் வந்தது, திரும்பவும் வரலாம் என்கிறார்கள். என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தொண்டையில் வளர்வதற்கெல்லாம் வைரஸ் காரணமில்லை. ஓயாமல் உரத்துப் பேசுவோருக்கு வரும் குரல் முடிச்சு, நாண்கள் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. உங்களுடையது வேறு. கமராவில் பார்த்தால் சின்னப் பூக்கோவா போலிருக்கும். பெரும்பாலும் மனித பப்பிலோமா வைரஸின் (எச்.பி.வி.) 6ஆம், 11ஆம் வகைகளே காரணம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் 16, 18 வேறு வகைகள். பப்பிலோமா புற்றுநோயாக மாறுவது அரிது; ஆனாலும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பயொப்சிக்கு அனுப்ப வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

திரும்ப வருவது சத்திரசிகிச்சையின் பிழையல்ல. வைரஸ் சளிப்படலத்தின் அடி அடுக்கில் தங்குகிறது. பக்கத்தில் பார்வைக்கு வளர்ச்சி எதுவுமில்லாத இடத்திலும் இருக்கும். அதற்காக ஆழமாக வெட்டினால் நாண் தழும்பேறி, குரல் நிரந்தரமாகக் கெடும். இரண்டு நாண்களும் முன்பக்கம் சேரும் மூலையில் இருபுறமும் ஒரே நாளில் எடுத்தால் புண்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் அங்கே கொஞ்சத்தை அடுத்த தடவைக்கென்று விட்டுவைப்பதுண்டு. அன்டிபயோட்டிக்குக்கு இந்த வைரஸ் அசையாது.

பிள்ளைகளோடு ஒரே கோப்பையில் குடிப்பதால், கொஞ்சுவதால் தொற்றும் என்று அஞ்ச வேண்டாம். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது. பெரியவர்களுக்குப் பாலுறவு வழியாகவும் வரலாம். வைரஸ் வருடக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. தயவுசெய்து உங்களையோ கணவரையோ குற்றம் சொல்லாதீர்கள்.

இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். விடுபட்டிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். இந்த வைரஸின் நான்கு வகைகளைத் தடுக்கும் நாற்கூட்டு, ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஒன்பதுகூட்டுத் தடுப்பூசிகளில் 6, 11 வகைகளும் அடங்கும். ஏற்கெனவே உள்ள வளர்ச்சியை அவை கரைக்காது. நீங்களும் போடலாமா என்று உங்கள் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் கேளுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில், ஒரே பந்தியை வாசித்து ஃபோனில் பதிவுசெய்யுங்கள். குரல் மெல்ல மாறுவது நமக்கே தெரியாது. பழைய பதிவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கம்மல் திரும்பினால் கிளினிக் தேதிவரை காத்திராதீர்கள். மூச்சை இழுக்கும்போது கீச்சொலி கேட்டால், படியேறவே மூச்சு வாங்கினால், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.