பழைய ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியங்களில் எங்கே பார்த்தாலும் இடிந்த கோயிலும் தூணுமாக இருப்பது ஏன்?

எனக்கு இது ஒரு சோம்பேறித்தனத்தால் புரிந்தது. ஓவியம் படித்த நாட்களில் கிளாட் லொரேன் என்ற 17ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியரின் படம் ஒன்றைப் பார்த்து வாட்டர்கலரில் வரையச் சொன்னார் சார். ஓரத்தில் இரண்டு உடைந்த தூண்கள், உச்சியில் செடி முளைத்து நின்றன. தூணின் நெடுங்கோடுகளை யார் போடுவது என்று அதை விட்டுவிட்டு மரம், ஆறு, மலை எல்லாவற்றையும் வரைந்து முடித்தேன். மலை தூரத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. சார் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு தூணையும், அதன் காலடியில் எறும்பளவுக்கு ஒரு மாடு மேய்ப்பவனையும் கிறுக்கினார். மலை சட்டென்று பின்னால் போய்விட்டது!

மரமும் அந்த வேலையைச் செய்யும்தான். ஆனால் மரம் எந்த உயரத்திலும் இருக்கலாம். தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினால் மொத்தப் படத்துக்கும் அளவு கிடைத்துவிடும்.

அப்புறம், அதெல்லாம் முழுக்கக் கற்பனையும் அல்ல. வாழ்நாளில் பெரும்பகுதியை ரோமில் கழித்து 1682இல் அங்கேயே இறந்தவர் கிளாட். பழைய ரோமானியர்களின் ஃபோரம், அதாவது ஊரின் பொதுச் சதுக்கம், இருந்த இடத்துக்கு அப்போது ஊரார் வைத்திருந்த பெயர் காம்போ வாச்சினோ, அதாவது மாட்டுத் திடல். மாட்டுச் சந்தை கூடும் இடம். அங்கிருந்த செப்டிமியஸ் செவரஸ் என்ற பேரரசரின் வெற்றி வளைவின் அடிப்பகுதி மண்ணுக்குள் கிடந்தது. அதையெல்லாம் முறையாகத் தோண்டியது 19ஆம் நூற்றாண்டில்தான். தூணடியில் மாடு நின்றால் நமக்குக் கவிதை. அவருக்கு அது தினமும் பார்த்த தெரு.

பிறகு இதுவே வியாபாரமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பன்னீனி என்ற ஓவியர், ரோமின் பாந்தியன் கோயிலையும் கொலோசியத்தையும் டிராஜன் தூணையும் பெயர்த்து ஒரே சட்டத்துக்குள் வைத்தார். தாஜ்மகாலும் அருவியும் சேர்ந்து வருமே, அந்தக் காலத்து ஸ்டுடியோ திரை, அந்த மாதிரி. இங்கிலாந்தின் பயண எழுத்தாளர் வில்லியம் கில்பின் இன்னும் ஒரு படி மேலே போனார். டின்டர்ன் என்ற பழைய கிறிஸ்தவ மடம் அழகாக இடியவில்லை, சுத்தியலால் பார்த்துத் தட்டினால் சரியாகும் என்று 1782இல் எழுதியே வைத்தார்.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரொபேர். ரோமில் பத்து வருடத்துக்கு மேல் இடிபாடுகளையே வரைந்துவிட்டுப் பாரிஸ் திரும்பியவர், கடைசியில் லூவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரானார். 1796இல் அதன் பெரிய கூடத்தையே இரண்டு படங்களாக வரைந்து காட்சிக்கு வைத்தார். ஒன்று, கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சம் வரவழைக்கும் சீரமைப்பு யோசனை. மற்றது, அதே கூடம் என்றோ ஒரு நாள் கூரை சரிந்து, வானம் தெரிய, புல் முளைத்துக் கிடப்பது. அதன் நடுவே தப்பி நிற்கிறது ஓர் அப்போலோ சிலை. அதற்கு முன்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்து அதை வரைந்துகொண்டிருக்கிறான்.