தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் தமிழ் ஏன் குறைந்தது என்று ஆராய ஆசை. எங்கே தொடங்குவது?

நல்ல ஆசை, ஆனால் கேள்வி பெரிது. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த முதல் இந்தியர்கள் தொடங்கி இன்றுவரை எல்லாமே அதற்குள் வந்துவிடும். ஒரு பருவத்தில் முடிகிற மாதிரி சுருக்குங்கள்: "மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டில் தமிழ்ச் சொற்கள் எப்போது வாயில் வருகின்றன?" ஐந்தாறு வீடு போதும்.

பேட்டிக்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் முதலிலேயே விண்ணப்பியுங்கள். பேசுபவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். உங்கள் சொந்த ஆயாவாக இருந்தாலும்தான்!

"வீட்டில் தமிழ் பேசுவீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று முடித்துவிடுவார்கள். "நேற்று ராத்திரி சமைக்கும்போது யார் என்ன பேசினார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் அமைதியாக இருங்கள். தமிழே தெரியாது என்ற அதே பாட்டி பேரனிடம் "தண்ணி கொண்டா" என்பார். சொன்னதற்கும் செய்வதற்கும் உள்ள அந்த இடைவெளிதான் உங்கள் தரவு. அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துபோகும்.

பழைய ஆவணங்களுக்கு குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்துக்குப் போய்ப் பாருங்கள்.