தெள்ளு மருந்து விட்ட இடம் புண்ணாகிவிட்டது: இனி எதைப் பாவிப்பது?

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது, நிறை 9 கிலோ. மாரி முடிந்ததும் தெள்ளு பெருகியதால் பிப்ரோனில் சொட்டு மருந்து வாங்கினோம். 20 முதல் 40 கிலோ வரையான நாய்க்குரிய குழாய்தான் கடையில் இருந்தது; எனவே நாயை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டித் துடைத்த கையோடு பாதியை மட்டும் கழுத்தின் பின்புறத்தில் விட்டோம். மறுநாள் அந்த இடம் சிவந்தது. இரண்டு நாளில் உள்ளங்கையளவுக்கு மயிர் உதிர்ந்து நீர் கசிகிறது. மருந்தை மாற்ற வேண்டுமா? வேப்பெண்ணெய் போதும் என்கிறார் அப்பா. வீட்டில் பூனையும் உண்டு.
(கோண்டாவில் வாசகி)

பதில்: மருந்து விட்ட இடத்திலேயே, விட்ட ஓரிரு நாட்களுக்குள் சிவப்பும் மயிர் உதிர்வும் தோன்றியிருப்பதால், இது அந்த மருந்தால் வந்ததென்றே கொள்கிறேன். தெள்ளுக் கடியால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் வாலடி, பின்முதுகு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில்தான் தொடங்கும். கழுத்தின் பின்புறத்தில் மட்டும் ஒரு வட்டமாக நிற்காது. உங்கள் நாய்க்கு வாலடியிலும் சொறி இருந்தால் இரண்டு நோயும் ஒன்றாக இருக்கின்றன என்று பொருள்; அப்படியானால் தெள்ளு மருந்தை அடியோடு நிறுத்திவிடுவது நாயின் துன்பத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

ஆனால் மருந்தை முழுவதும் குற்றஞ்சாட்டுவதற்கு முன், நீங்கள் விட்ட அளவைப் பாருங்கள். அந்தப் பெரிய குழாயில் 2.68 மில்லிலீற்றர் இருக்கும். அதில் பாதி 1.34. உங்கள் நாயின் நிறைக்கு உரிய அளவோ 0.67 தான். பாதிதானே என்று நினைத்து, உண்மையில் இரண்டு மடங்கு விட்டிருக்கிறீர்கள். பெரிய குழாயைப் பங்கிட்டு விடுவது நம் ஊரில் மிகப் பரவலான சிக்கனம் என்பதால் உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. குளிப்பாட்டிய கையோடு விட்டதும் இன்னொரு தவறு. பிப்ரோனில் தோலின் எண்ணெய்ப் பசையில் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக வெளிவந்து வேலை செய்வது. ஷாம்பூ அந்த எண்ணெயைக் கழுவிவிடுவதால், மருந்துடன் கலந்திருக்கும் கரைப்பான் வறண்ட தோலில் நேரடியாகப் பட்டு எரிச்சலூட்டும். அதனால்தான் மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்ட வேண்டாம் என்கிறோம். இத்தகைய தோல் புண்களில் பலவற்றுக்கு மருந்தைவிடக் கரைப்பானே காரணம். எது காரணமென்று வீட்டில் பிரித்தறிய வழியில்லாதபடியால், இந்த நாய்க்கு இதே மருந்தை அளவு குறைத்தும் மீண்டும் விட வேண்டாம். வேறு பெயரில் விற்கும் பெட்டியிலும் இதே பிப்ரோனில் இருக்கக்கூடும். பெட்டியின் பெயரைப் பாராமல் உள்ளடக்கத்தைப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பாத்திரம் கழுவும் மென்மையான திரவச் சவர்க்காரத்தை இளஞ்சூட்டு நீரில் கலந்து, கையுறை அணிந்து, அந்த இடத்தைத் தேய்க்காமல் கழுவி, நல்ல நீரால் அலசி, ஒற்றித் துடையுங்கள். சுரப்பிகளுக்குள் போய்விட்ட மருந்து இதனால் வராது. மேலே எஞ்சியிருப்பது போகும். நாய் பின்னங்காலால் அதைச் சுரண்டாதபடி கழுத்துக் கூம்பு போடுங்கள். டெற்றோல், மண்ணெண்ணெய், மஞ்சள் குழைத்த எண்ணெய், மனிதருக்குரிய ஸ்ரெரொயிட் பூச்சு எதுவும் வேண்டாம். வலிக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. நீர் கசிவதாகச் சொல்கிறீர்கள், அது பாக்டீரியாத் தொற்றின் தொடக்கமாக இருக்கலாம். எனவே இரண்டொரு நாளுக்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நடுங்கினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ அன்றே கொண்டுபோக வேண்டும். மருந்து விட்ட இடத்தைத் தாண்டி முகத்திலும் பாதங்களிலும் பொருக்குகள் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். மெற்றாபுளுமிசோனும் அமிற்றாசும் கலந்த ஒரு சொட்டு மருந்தைப் பாவித்த சில நாய்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் ஒரு நோய் போன்ற நிலை காணப்பட்டது. அம்மருந்து 2011 இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. உங்களுடையது அந்த மருந்தல்ல. ஆயினும் பரவும் பொருக்கைச் சாதாரணப் புண்ணென்று விட்டுவிடக் கூடாது.

மாற்றாக, தோலைத் தொடாத வழியே இந்த நாய்க்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அபொக்சலானர், சரோலானர், லொற்றிலானர் ஆகிய வாய்வழி மாத்திரைகள் ஏறக்குறைய ஒரு மாதமும், புளுரலானர் ஏறக்குறைய மூன்று மாதமும் வேலை செய்கின்றன. இவை உண்ணியையும் கொல்வதால், உண்ணியால் பரவும் இரத்த நோய்கள் மலிந்த நம் பகுதியில் கூடுதல் நன்மையுண்டு. தெள்ளு கடித்த பின்புதான் சாகும் என்றாலும், ஒரு நாளுக்குள் செத்துவிடுவதால் கடி விரைவில் குறைந்துவிடும். எச்சரிக்கையும் ஒன்றுண்டு: இந்த வகை மாத்திரைகள் சில நாய்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் ஏற்படுத்தக்கூடுமென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018 இல் அறிவித்தது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லாமல் இம்மாத்திரையைத் தொடங்காதீர்கள். உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசி தெள்ளுக்கு உதவாது. தெள்ளு உண்ணிக் கழுத்துப்பட்டியும் மருந்தைத் தோல் வழியே பரப்புவது என்பதால் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் அப்பாவின் வேப்பெண்ணெய்க்கு வருகிறேன். சிறிதளவு விரட்டும் தன்மை அதற்குண்டு. ஆயினும் குடியேறிவிட்ட தெள்ளை அடக்க அதை நம்ப முடியாது, புண்ணான தோலில் பூசினால் எரியும், பூனை நக்கினால் நஞ்சாகலாம். வேப்பெண்ணெயாவது பரவாயில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய பூச்சிநாசினியையும், ஊறவைத்த புகையிலைத் தண்ணீரையும் நாய்க்கு வார்ப்பது பழைய வழக்கமாக நம் ஊர்களில் இருந்து வருகிறது. வாயில் நுரையும் எச்சிலும் வழிய, கைகால் நடுங்க நாய் சாவதற்கு அவை போதுமானவை. தீனியில் உள்ளி சேர்ப்பதும் வேண்டாம்; அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

எந்த மருந்தானாலும், நாயின் உடம்பில் நீங்கள் காண்பது வளர்ந்த தெள்ளு மட்டுமே. அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. எஞ்சிய முட்டையும் குடம்பியும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும், படியின் கீழும், விறகு மடுவத்தின் நிழல் மண்ணிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேலும் இடும். முட்டை வழுக்கி விழுந்த இடத்தில் பொரித்து, குடம்பி வெளிச்சத்தை விட்டு ஒதுங்கி ஈரமான நிழலில் வளரும். மாரிக்குப் பின் நீங்கள் கண்ட பெருக்கத்தின் காரணம் இதுவே. கூட்டுக்குள் இருக்கும் பருவம் மருந்துக்கு எளிதில் அகப்படாமல் பல வாரம், சில வேளை மாதக் கணக்கில் காத்திருந்து, நாயோ ஆளோ அருகில் நடக்கும் அதிர்வில் வெளியே வரும். மாத்திரை கொடுத்த மூன்றாம் வாரத்திலும் தெள்ளைக் கண்டு மருந்து பலிக்கவில்லையென்று விட்டுவிடுகிறவர்கள் இதை அறியாதவர்களே. குறைந்தது மூன்று மாதம் தவறாமல் தொடருங்கள். படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் தோய்த்துக் கடும் வெயிலில் உலர்த்துங்கள்; சாக்கென்றால் எரித்துவிடுவதே மலிவு. நாய் படுக்கும் மூலைகளைத் தும்புத்தடியால் நாள்தோறும் கூட்டி, கூட்டியதை எரித்துவிடுங்கள். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, வந்ததைச் சவர்க்கார நீரில் அமிழ்த்தினால் எத்தனை குறைந்திருக்கிறதென்றும் கண்ணால் காணலாம்.

பூனையையும் அதே காலத்தில் கவனிக்காவிட்டால் இவ்வளவும் வீண், ஏனெனில் நாயிலும் பூனையிலும் ஏறுவது பெரும்பாலும் ஒரே தெள்ளே. ஆனால் நாய் மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பெர்மெத்திரின் கலந்த நாய்ச் சொட்டு பூனையைக் கொல்லும். அது விட்ட நாயுடன் பூனை ஒட்டிப் படுப்பதே ஆபத்து. பூனைக்கென்று செய்யப்பட்ட செலமெக்ரின் போன்றதொரு மருந்தை நிறைக்கேற்ப வைத்தியர் தருவார். போகும்போது நீங்கள் விட்ட குழாயையும் அதன் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். நாயின் தடுப்பூசி அட்டையில் பிப்ரோனில் ஒவ்வாது என்று அங்கேயே எழுதுவித்துக்கொண்டு திரும்புங்கள்.