ஒரே ஹோலில் ஒன்பது: வாசகர் கேள்வி பதில்

கே: ரிட்டயர் ஆன பிறகுதான் கோல்ஃப் பழகினேன். பையன் கோயம்புத்தூரில் இருப்பதால் மாதம் ஒரு தடவை அங்கே போய் ஆடுகிறேன். முக்கால்வாசி ஹோல் (ஒரு குழியில் பந்தைப் போடும் வரையிலான ஆட்டம்) நன்றாகவே போகிறது. ஆனால் எப்போதும் மூன்று ஹோலில் ஒன்பது ஒன்பது அடியாக ஏறி, மொத்தம் 103 அடியில் வந்து நிற்கிறது, குறைந்த அடியில் முடித்தால்தானே நல்லது. கோச் வைத்து ஸ்விங்கை மாற்றிக்கொள்ளலாமா?
— கும்பகோணம் வாசகர்

ப: ஸ்விங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள் சார். அந்த மூன்று ஒன்பதையும் ஆறாக்கினாலே 94 வந்துவிடும். ஆறு என்பது பார் 4 ஹோலில், அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோலில், டபுள் போகி (இரண்டு அடி கூடுதல்), அதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம்.

இன்று ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து, அந்த ஒன்பது எப்படி வந்தது என்று அடி அடியாக எழுதிப் பாருங்கள். டீயிலிருந்து (ஹோல் தொடங்கும் இடம்) அடித்தது மரங்களுக்குள் போனது, சரி, அது எல்லோருக்கும் நடக்கிறது, அதனால் போவது ஏறக்குறைய ஒரு அடிதான். அப்புறம் இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு சந்து தெரிந்திருக்கும், அதில் விட்டால் நேராகக் குழி இருக்கும் கிரீனுக்கே போய்விடலாம் என்று தோன்றியிருக்கும், பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போயிருக்கும், கோபத்தில் மூன்றாவதும் அதே சந்துக்கே. ஒன்பது பிறந்தது முதல் அடியில் இல்லை, இரண்டாவதற்கு முன்னால் எடுத்த முடிவில்.

ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் நம் ஊரில் என்ன செய்கிறோம்? முதலில் வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வடிய விடுகிறோம், யூரியா எல்லாம் அப்புறம்தான். நிற்கிற தண்ணீரில் உரத்தைக் கொட்டினால் உரமும் சேர்ந்து போகும். மரத்துக்குள் கிடக்கும் பந்தும் அப்படித்தான். பக்கவாட்டிலோ, வேண்டுமானால் பின்பக்கமாகவோ, எங்கே அகலமாக வழி இருக்கிறதோ அங்கே ஃபேர்வேக்கு (புல்லை வெட்டி வைத்திருக்கும் நடுப்பாதை) தள்ளிவிடுங்கள். அது இரண்டு. மூன்றில் கிரீன் பக்கம், நான்கில் கிரீன் மேல், குழிக்கு உருட்டும் அடி (பட்) இரண்டு, ஆக ஆறு. ஒரு பட்டில் விழுந்தால் ஐந்து.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 1999 பிரிட்டிஷ் ஓப்பன், ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டி மைதானம். பிரான்ஸ்காரர் ஜான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு வரும்போது மூன்று அடி முன்னிலை, பார் 4 ஹோலில் ஆறு எடுத்தாலே கோப்பை அவருக்கு. அதிகத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்து வலப்பக்கம் அடித்தார், அதிர்ஷ்டவசமாகப் பந்து நல்ல இடத்தில் கிடந்தது. அங்கிருந்து குறைந்த தூரத்துக்கான வெஜ் மட்டையால் ஃபேர்வேக்குத் தட்டியிருக்கலாம். நீண்ட தூரம் போகும் 2 அயர்ன் மட்டையை எடுத்துக் கிரீனையே குறிவைத்தார். பந்து பார்வையாளர் கேலரியில் பட்டுத் திரும்பி உயரமான புல்லுக்குள் விழுந்தது, அடுத்தது ஓடைக்குள். ஷூவைக் கழற்றிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கி நின்ற காட்சி இன்றைக்கும் என்னை என்னவோ செய்கிறது. ஏழு எடுத்தார், சமநிலை ஆனதால் நடந்த பிளே ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். முதல் அடி கூட அவரைக் கவிழ்க்கவில்லை, அந்த 2 அயர்ன்தான்.

கே: பந்து ஒரு புதர் வேரில் மாட்டிக்கொண்டது. எடுத்து வைத்து ஆடலாம் என்றால், கூட ஆடுகிறவர் "அது ஆட்டமே இல்லை, அடிச்சு எடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி?
— மன்னார்குடி வாசகர்

ப: நீங்கள்தான். ஆட முடியாத பந்து என்று அறிவிக்க விதியே இடம் கொடுக்கிறது, அபராதம் ஒரே ஒரு அடி. பந்து கிடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள், ஹோலுக்கு நெருங்காமல் போட்டு ஆடலாம். இல்லையென்றால் பந்தும் ஹோலும் ஒரே கோட்டில் இருக்கும்படி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். இரண்டும் சரிப்படவில்லையா, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள், 2019-லிருந்து அதுதான் விதி. ஒன்று கவனம்: சிவப்பு, மஞ்சள் கம்பு நட்ட தண்ணீர்ப் பகுதிக்குள் இது செல்லாது, அங்கே வேறு விதி. நண்பர் சொல்கிறபடி வேரோடு சேர்த்து அடித்தால் மணிக்கட்டும் போகும், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கே: குளத்தைத் தாண்ட 150 கெஜம். என் 7 அயர்ன் அவ்வளவு போகும். ஆனாலும் பாதி நாள் பந்து தண்ணீரில்தான்.
— நாகப்பட்டினம் வாசகர்

ப: போகும் என்கிறீர்களே, பத்தில் எத்தனை தடவை? பயிற்சி மைதானத்தில் பத்துப் பந்து அடித்து, உருண்ட தூரத்தை விட்டுவிட்டுக் காற்றில் போன தூரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பந்து தாண்டுகிற தூரம்தான் உங்கள் 7 அயர்ன். அது 135 என்றால் இன்னும் தூரம் போகும் 6 அயர்னோ 5 அயர்னோ எடுங்கள், அதுவும் சந்தேகம் என்றால் குளத்துக்கு இந்தப் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, அடுத்த அடியில் தாண்டுங்கள். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் யோசிக்கவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.