மதிப்பெண் தாளில் பஸ் வாடகை இல்லை

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. டெக்சஸில் கல்லூரி இரண்டாம் வருஷம். ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி (பிராஸ்) வாசித்தவள். இந்தக் கோடைக்கு இரண்டு டிரம் கோர் குழுக்களில் தேர்வாகியிருக்கிறாள். கோடை முழுக்க ஊர் ஊராகப் போய், மைதானத்தில் வாத்தியம் வாசித்தபடி அணிவகுத்துப் போட்டியிடும் இளைஞர் குழுக்கள் இவை. ஒன்று போன வருஷம் முதல் ஆறு இடங்களுக்குள் வந்தது. ஆனால் ஒன்றரை வருஷத்தில் அங்கே இரண்டு இயக்குநர்கள் மாறிவிட்டார்கள். பணத்தை உடனே கட்டச் சொல்கிறார்கள், அட்டவணை கேட்டால் "வரும்" என்கிறார்கள். இன்னொன்று பதின்மூன்றாவது இடம். அங்கே போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்கிறார்கள். மகள், "அம்மா, ஸ்கோரைப் பாரு" என்கிறாள். அவள் அப்பா, இதெல்லாம் எதற்கு, இன்டர்ன்ஷிப் தேடு என்கிறார். அந்த ஸ்கோரை நம்பலாமா? எந்தக் குழுவுக்கு அனுப்புவது?

பதில்: அன்புள்ள சகோதரி, corps என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து "கார்ப்ஸ்" என்று வாசித்து, மகனிடம் ஒரு வாரம் கேலி வாங்கியவள் நான். நீங்கள் "கோர்" என்று சரியாகவே எழுதிவிட்டீர்கள். என் மகன் மூன்று கோடை ஆடினான். அந்த மூன்று கோடையும் நான் விடுமுறை போட்டு, குழுவின் சமையல் லாரியில் வெங்காயம் நறுக்கினேன். நான் சொல்வதில் பாதி அங்கே நின்று பார்த்தது.

முதலில் ஸ்கோர். நம்பலாம், அது எதை அளக்கிறதோ அந்த அளவுக்கு.

பல வருஷமாக இருக்கும் கணக்கு இப்படி. மொத்தம் 100. அதில் 40, ஷோ ஒட்டுமொத்தமாகப் பார்ப்பவரை எவ்வளவு ஈர்த்தது என்பதற்கு. இசைக்கு 30, காட்சிக்கு 30. இசையில் பிராஸ், தாள வாத்தியம், இசையமைப்பு என்று மூன்று நடுவர்கள் தலா 20-க்குப் போட்டு, கூட்டுத்தொகையைப் பாதியாக்குகிறார்கள். காட்சியிலும் அப்படியே: நடையும் உடலும் ஒருவருக்கு, வரிசைகளின் வடிவமைப்பு ஒருவருக்கு, கொடி சுழற்றும் கலர் கார்டு ஒருவருக்கு. ஆக, உங்கள் மகளின் பிராஸ் பிரிவுக்கு நடுவர் ஒரு புள்ளி கூட்டினால் மொத்தத்தில் அரைப் புள்ளிதான் ஏறும். ஈர்ப்புக்கான 40-இல் ஒரு புள்ளி கூடினால் முழுதாக ஏறும். ஷோவை வடிவமைப்பவர்களுக்குக் குழுக்கள் ஏன் இத்தனை மரியாதை தருகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு பகுதி உண்டு. என்ன கொடுத்தார்கள் என்பது ஒன்று, அதைப் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்பது இன்னொன்று. நடுவர் ஷோ ஓடும்போதே ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே போவார். "இங்கே மெல்லோஃபோன்கள் ஸ்வரத்தை விடும் இடம் ஒன்றாக இல்லை" என்பதுபோல. ஆசிரியர்கள் அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலைப் பயிற்சியில் அந்த இடத்தைப் பிடிப்பார்கள். என்னைக் கேட்டால் எண்ணைவிட அந்தப் பேச்சுதான் சொத்து.

1984-க்கு முன்பு இது வேறு மாதிரி இருந்தது. ஒரு தப்புக்கு ஒரு டிக், பத்தில் ஒரு புள்ளி கழிவு. கையில் அட்டையோடு நடுவர் தப்பு எண்ணுவார். அந்த முறையில் எளிமையாக, சுத்தமாக ஆடுகிறவருக்கு லாபம். கடினமானதை முயல்கிறவருக்கு நஷ்டம். அதை எடுத்துவிட்டு, செய்ததற்கு மதிப்பெண் கூட்டும் முறைக்கு வந்தார்கள். அதனால்தான் இன்று பிள்ளைகள் ஓடிக்கொண்டே, உருண்டுகொண்டே வாசிக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று பழைய ஆட்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் புதியதுதான் பிடிக்கும், முழங்கால்களை நினைத்தால் மட்டும் கவலை.

அப்புறம், ஜூன் மாத எண்ணை ஆகஸ்ட் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஜூனில் 70-களில் தொடங்கும் பெரிய குழுக்கள் ஆகஸ்டில் 90-களில் நிற்கும். எல்லோரும் ஏறுவார்கள். ஒரே ராத்திரியில் ஓஹையோவில் ஒரு குழுவும் டெக்சஸில் ஒரு குழுவும் வாங்கிய எண்களையும் ஒப்பிட வேண்டாம், நடுவர்கள் வேறு. ஒரே மைதானத்தில், ஒரே நடுவர்கள் முன்னால், பக்கத்துக் குழுவோடு இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் எப்படி நகர்கிறது என்பதில் கற்றுக்கொடுப்பவர்களின் தரம் தெரியும். 2008 இறுதிப் போட்டியில் ஃபேண்டம் ரெஜிமெண்ட் குழு 98.125, புளூ டெவில்ஸ் குழு 98.100. 0.025 வித்தியாசத்தில் பட்டம் போனது. 1996-இலும் 1999-இலும் 2000-இலும் இரண்டு குழுக்கள் சமமாக வந்து பட்டத்தைப் பங்கிட்டன. இந்த அளவு நெருக்கத்தில், ஆறாம் இடமா ஏழாம் இடமா என்பதற்காக உங்கள் மகள் தூக்கம் கெடுக்க வேண்டியதில்லை. ஆறுக்கும் பதின்மூன்றுக்கும் வித்தியாசம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். இறுதிச் சனிக்கிழமை ராத்திரி இண்டியானாபொலிஸ் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில் ஆடுவது முதல் 12 குழுக்கள்தான். பதின்மூன்றாவது குழுவின் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை அரையிறுதியோடு சீருடையைக் கழற்றிவிட்டு, மறுநாள் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வலிக்கும். என் மகன் ஒரு வருஷம் அப்படி உட்கார்ந்தான், பாப்கார்னைக் கூடத் தொடவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் முள் வேறு இடத்தில் இருக்கிறது. 150-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரண்டு இரண்டரை மாதம் பஸ்ஸில் ஏற்றி, பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கவைத்து, ஒரு நாளைக்கு நாலு வேளை சோறு போட்டு, ஊர் ஊராகக் கூட்டிப்போகிறார்கள். பஸ் வாடகை, டீசல், இன்சூரன்ஸ், மருத்துவ உதவி, இதில் எதற்கும் மதிப்பெண் தாளில் இடம் இல்லை. மேலே பிரஸ் பாக்ஸில் இருக்கும் நடுவருக்குக் குழுவின் வங்கிக் கணக்கு தெரியாது, தெரியவும் கூடாது.

ஒரு ஜூன் மாதம், நான் லாரியில் இருந்த வாரம். காலை எட்டு மணிக்கு வர வேண்டிய பஸ்கள் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் சமையல்காரர்கள் வழியாகத் தெரிந்தது, முன்பணம் போகவில்லை. பிள்ளைகள் ஜிம்மில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். மாலை நான்குக்குப் பஸ் வந்து, வார்ம்-அப் பாதியில் நிறுத்தி, ஆடினார்கள். அன்றைக்குத்தான் அந்த சீசனில் அதுவரை வாங்காத ஸ்கோர்! பிள்ளைகள் குதித்தார்கள். நானும் கை தட்டினேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது: இந்த எண்ணைப் பார்த்து அடுத்த வருஷம் ஒரு அம்மா இங்கே பணம் கட்டுவாள் என்று.

என் ஒரு நாள் கதையை விடுங்கள், பெரிய பெயர்களையே பாருங்கள். சான்டா கிளாரா வேன்கார்ட். இந்தப் போட்டிகளை நடத்தும் டி.சி.ஐ. (டிரம் கோர் இன்டர்நேஷனல்) அமைப்பின் சாம்பியன்ஷிப் 1972-இல் தொடங்கியதிலிருந்து 2022 வரை, போட்டி நடந்த ஒவ்வொரு வருஷமும் இறுதிச் சுற்றில் ஆடிய ஒரே குழு. ஏழு பட்டங்கள், கடைசியாக 2018-இல். அந்தக் குழு 2023 கோடையில் களத்துக்கே வரவில்லை. ஸ்கோர் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அதில் ஒரு எச்சரிக்கையும் தெரிந்திருக்காது. உள்ளே பணமும் நிர்வாகமும் சீராக்க வேண்டிய நிலை. 2024-இல் திரும்பி வந்தார்கள், அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஒரு வருஷம் நின்று வீட்டைச் சரிசெய்வது, பாதி டூரில் கவிழ்வதைவிட நேர்மையான வேலை.

கேடட்ஸ் கதைக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. 1934-இல் நியூ ஜெர்சியில் தொடங்கி, பத்து டி.சி.ஐ. பட்டம் வாங்கிய குழு. 2018-இல் அதன் நீண்டகால இயக்குநர்மேல் பல பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள், அவர் விலகினார். 2023-இலும் குழு களத்தில் ஆடியது. பழைய துன்புறுத்தல் தொடர்பான வழக்கின் சுமையைத் தாங்க முடியாமல் 2024 ஏப்ரலில் மூடிவிட்டது. கோடைக்காகத் தேர்வாகிக் காத்திருந்த பிள்ளைகள் வேறு குழுக்களைத் தேட வேண்டியதாயிற்று.

அதனால் பணம் கட்டும் முன் சில வேலை செய்யுங்கள். இந்தக் குழுக்கள் பெரும்பாலும் லாப நோக்கமற்ற நிறுவனங்கள். ஒவ்வொரு வருஷமும் அமெரிக்க வரித்துறைக்குப் படிவம் 990 தர வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். வீட்டுக்காரர் இன்டர்ன்ஷிப் பற்றிப் புலம்பும் நேரத்தில் அவரையே உட்கார வையுங்கள், கணக்கு பார்ப்பவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. முதல் பக்கத்திலேயே போன வருஷமும் இந்த வருஷமும் பக்கம் பக்கமாக இருக்கும். வரவைவிடச் செலவு தொடர்ந்து மூன்று வருஷம் அதிகமா? கடைசியில் மிஞ்சும் நிகர சொத்து மைனஸில் இருக்கிறதா? வருமானம் எங்கிருந்து வருகிறது? கலிஃபோர்னியாவின் சில பெரிய குழுக்களுக்கு பிங்கோ ஆட்டக் கூடம்தான் பல வருஷம் சோறு போட்டது. பிள்ளைகள் கட்டும் பணத்தை மட்டும் நம்பியிருக்கும் குழு, பத்துப் பேர் விலகினாலே தள்ளாடும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், உங்களுக்குக் கிடைக்கும் படிவம் ஒரு வருஷமாவது பழையதாக இருக்கும்.

காகிதத்தில் இல்லாததை மனிதர்களிடம் கேளுங்கள். போன வருஷம் ஆடிய பிள்ளைகளில் வயது இருந்தும் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், ஏன்? பிராஸ் ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? இயக்குநர் மாறுவதுகூடச் சில சமயம் நல்லதற்கே. ஆசிரியர்கள் கூட்டமாகக் கிளம்பினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். சீசன் நின்றுபோனால் பணம் திரும்ப வருமா, எழுத்தில் இருக்கிறதா? ஊழியர்களின் பின்னணி சரிபார்க்கப்படுகிறதா? ஏதாவது தப்பு நடந்தால் பிள்ளை இயக்குநரைத் தாண்டி யாரிடம் சொல்லலாம்? கேட்டால் முகம் சுளிக்கிற குழுவில் ஏதோ இருக்கிறது. என் மகனின் முதல் குழுவில் இதை நான் கேட்கவில்லை. படித்தவர்கள், பெரிய பேர், எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

தரத்தை நீங்களே பார்க்கவும் ஒரு வழி உண்டு. இரண்டு குழுவின் போன வருஷ வீடியோவிலும் நடுவில் ஜொலிக்கிற பையனை விட்டுவிடுங்கள். பின்வரிசை ஓரத்தில் நடக்கிற பிள்ளையைப் பாருங்கள். பெரிய சத்தம் முடியும் இடத்தில் எல்லோரும் ஒரே கணத்தில் மூச்சை நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். மெதுவாக வாசிக்கும் இடத்தில் சுருதி நிற்கிறதா? ஜூன் வீடியோவுக்கும் ஆகஸ்டுக்கும் அந்த ஓரத்துப் பிள்ளை எவ்வளவு மாறியிருக்கிறாள்? அந்த இடத்தில் நிற்கப்போவது உங்கள் மகளாக இருக்கலாம். பதின்மூன்றாம் இடக் குழுவில் அவள் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடும் என்பது இந்த வீடியோக்களில் தெரிந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

சரி, என் முடிவு. முதல் குழு பத்து நாளுக்குள் அட்டவணை, பணம் திரும்பும் விதி, இந்த வருஷ ஆசிரியர் பட்டியல் மூன்றையும் எழுத்தில் தந்தால் மகள் இஷ்டம், அங்கே போகட்டும். தராவிட்டால் பதின்மூன்றாவது குழு. இடம் அப்படியே நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். பாஸ்டன் க்ரூசேடர்ஸ் 1940-இல் தொடங்கிய குழு. டி.சி.ஐ. இறுதிச் சுற்றுக்குள் முதன்முதலாக நுழைந்தது 1999-இல், முதல் பட்டம் 2025-இல். அந்த நடுவருஷங்களில் அங்கே ஆடிய பிள்ளைகள் யாரும் வீணாகப் போகவில்லை. உங்கள் மகளுக்கு வயது 19 என்பதும் நல்ல செய்தி. 21, 22 வயதோடுதான் வாய்ப்பு முடிகிறது. இந்தக் கோடை ஒரு குழுவில் நன்றாகக் கற்றுக்கொண்டு, அடுத்த கோடை மேலே இருக்கும் குழுவின் தேர்வுக்குப் போகிறவர்கள் நிறைய.

"ஸ்கோரைப் பாரு" என்பவளிடம் சண்டை போடாதீர்கள். அவளையே அந்த மூன்று கேள்விகளையும் குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். பதில் எப்படி வருகிறது என்று அவளே பார்க்கட்டும்.

எந்தக் குழுவானாலும் ஜூலையில் ஒரு வாரம் சமையல் லாரிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். 150 பேருக்கு வெங்காயம் நறுக்கும்போது கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.