வாசகர் கேள்வி – பதில்: பழைய காமிக்ஸை விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த வீட்டை விட்டுச் சென்னையில் மகனுடைய அடுக்ககத்துக்குக் குடிபோக இருக்கிறோம். முத்து, லயன், ராணி என நானூறுக்குக் குறையாத காமிக்ஸ் இதழ்கள் இரண்டு தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. அங்கே இவற்றுக்கு இடமில்லை என்கிறான் மகன். தெரிந்தவர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு தொகை பேசியிருக்கிறார். கொடுத்துவிடலாமா?
– மதுரை வாசகர்

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள், ஐயா. பெட்டியோடு விலை பேசுகிறவர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து இதழ்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார். மற்றவை அவருக்குக் கொசுறு. அந்தப் பத்துப் பதினைந்து எவை என்பது உங்களுக்கும் தெரிந்த பிறகு விற்றால்தான் அது நியாயமான விற்பனையாக இருக்கும்.

ஆகவே, முதலில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, இதழ்களை வெளியீட்டு எண் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் பெயர், எண், மாதம், அட்டையின் நிலை, நடுத்தாள் கம்பிப் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா, பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நானூறு இதழ்களுக்கு இது அலுப்பூட்டும் வேலைதான் என்றாலும், விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் அந்த நோட்டு இல்லாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது.

முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’ கதையோடு தொடங்கியது. அந்த முதல் சில ஆண்டுகளின் இதழ்கள் கைக்குக் கை மாறிக் கிழிந்தும், வாடகை நூல் நிலையங்களில் தேய்ந்தும், எடைக்குப் போயும் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. நல்ல அட்டையோடு ஒன்று உங்களிடம் இருந்தால் அதற்குத் தனியாகத்தான் விலை பேச வேண்டும். லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டுமே 1984 ஜூலையில் தொடங்கியவை. அவற்றின் தொடக்க இதழ்களையும், லயனின் கோடை மலர், தீபாவளி மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்களையும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஒன்றரை ரூபாய்க்குத் தொடங்கி மாதம் இருமுறை வந்த ராணி காமிக்ஸ், 2005 வரை ஏறத்தாழ 500 இதழ்கள் வெளியாகிப் பெட்டிக்கடைகளில்கூடத் தொங்கியது என்பதால், அதன் இடைக்கால இதழ்கள் தனித்தனியாகப் பெரிய தொகை எதையும் பெற்றுத் தரமாட்டா. தொடர்ச்சியான எண்களாக ஐம்பது, நூறு இதழ்கள் சேர்ந்திருந்தால் அவற்றைப் பிரிக்காமல் ஒரே வரிசையாகக் கொடுப்பதே நல்லது. இடையில் விட்டுப்போன எண்களைத் தேடுகிறவருக்கு அந்த வரிசை பயன்படும். கேட்கிற விலை வேறு, படிகிற விலை வேறு என்பதையும் மறக்காதீர்கள். யாரோ ஒருவர் பெரிய தொகை சொல்கிறார் என்பதைக் கொண்டு கணக்குப் போடாமல், அதே இதழ் கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று இரண்டு மூன்று சேகரிப்பாளர்களிடமாவது விசாரியுங்கள்.

எவற்றை வைத்துக்கொள்வது என்பதற்கு விலை மட்டுமே அளவுகோல் ஆகாது. பணிமாற்றத்தின்போது நானும் ஒரு கட்டுப் புத்தகங்களைப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் தூக்கிக் கொடுத்தேன். என் அக்கா உண்டியல் காசில் வாங்கி, உள்ளட்டையில் பச்சை மையில் ‘தம்பிக்கு, அரைப் பரீட்சை லீவுக்கு’ என்று எழுதிக் கொடுத்த மாயாவி இதழ் ஒன்று அந்தக் கட்டில் இருந்தது என்பது, சென்னைக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையின் மறுபதிப்பை வாங்கி முழுவதும் படித்துவிட்டேன்; அக்காவின் கையெழுத்துக்கு எங்கே போவது? ஆகையால், நோட்டில் எழுதும்போதே உள்ளட்டைகளையும் திறந்து பாருங்கள். கடந்த பத்தாண்டுகளில் நீங்கள் எடுத்துப் படித்தவை, யாரோ உங்களுக்காக வாங்கித் தந்தவை ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். இடம் பற்றி மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். இதழ்களை முதுகு தெரிய நிறுத்தி அடுக்கினால் நானூறும் பீரோவில் இரண்டு மூன்று தட்டுகளுக்குள் அடங்கிவிடும்; அடைத்துக்கொள்வது பெட்டிகள்தாம்.

கேள்வி: சென்ற ஆண்டு அப்பா காலமானார். அவர் சேர்த்த காமிக்ஸ்களைப் பத்துப் பத்தாகப் பைண்டு செய்து, முதல் பக்கத்தில் தம் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் படிக்கும் பழக்கமில்லை. பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை.
– தஞ்சாவூர் வாசகி

பதில்: தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், அம்மா. பைண்டு செய்யும்போது ஓரங்களை வெட்டியிருப்பார்கள், சில வேளைகளில் அட்டைகளையும் எடுத்துவிட்டிருப்பார்கள் என்பதால், தனி இதழ் தேடுகிற சேகரிப்பாளர் இவற்றுக்குக் குறைந்த விலையே சொல்வார். அதற்காக இதழ்களை இப்போது பிரித்தெடுக்க முயலவும் வேண்டாம். தையல் ஓட்டைகளில் தாள் கிழிந்து, உள்ள மதிப்பும் போய்விடும்.

ஆனால் வாங்கிய தேதியோடு வரிசையாக இருக்கும் தொகுப்பு ஆய்வாளருக்குப் பெரிய பொருள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் நூல்களோடு பழைய இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் கழித்துப்போட்டவற்றையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பு சிதறாமல் வாங்கியது. அதைக் கொண்டு 1994-இல் நிறுவப்பட்டதுதான் இன்று சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இத்தகைய நூலகங்களுக்கு முதலில் பட்டியலை மட்டும் அனுப்பி, அவர்களிடம் இல்லாதவை உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் ஏற்காதவற்றை, கதை படிப்பதற்காகவே தேடும் வாசகர் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுக்கலாம். அப்பாவின் கையெழுத்து உள்ள ஒரு தொகுதியையாவது, படிக்காவிட்டாலும், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாயாவி கதைகள் மறுபதிப்பாக வந்துவிட்டன. இனிப் பழைய இதழ்களின் விலை விழுந்துவிடுமா? இப்போது வரும் இதழ்களை ஐந்தைந்து பிரதியாக வாங்கி வைத்தால் பிற்காலத்தில் இலாபம் கிடைக்குமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கதைக்காக மட்டும் பழைய இதழைத் தேடியவர்கள் மறுபதிப்போடு நிறைவடைந்துவிடுகிறார்கள்; எனவே கிழிந்த, அட்டையில்லாத பிரதிகளின் விலை குறையத்தான் செய்யும். அன்றைய அட்டைப்படம், வாசகர் கடிதங்கள், ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் ஆகியவற்றோடு கூடிய முதல் பதிப்பைத் தேடுகிறவர்கள் மறுபதிப்பால் நிறைவடைவதில்லை.

இலாபத்துக்காக ஐந்து பிரதிகள் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அமெரிக்காவில் 1938-இல் பத்து சென்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இதழின் பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படித்துவிட்டுத் தூக்கியெறியப்பட்டு மிகச் சில பிரதிகளே எஞ்சியதுதான் அந்த விலைக்கு ஒரு முக்கியக் காரணம். இத்தகைய செய்திகளை முன்பே கேட்டு, 1991-இல் வெளிவந்த எக்ஸ்-மென் முதல் இதழைப் பலரும் பல பிரதிகளாக வாங்கி உறையோடு பத்திரப்படுத்தினார்கள். அது 80 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. எல்லோருமே பாதுகாத்ததால் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் சாதாரணப் பிரதி மலிவாகவே கிடைக்கிறது. படிக்க ஒரு பிரதி வாங்குங்கள். நண்பருக்குக் கொடுக்க வேண்டுமானால் இன்னொன்று.

கேள்வி: விற்காமல் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் எப்படிக் காப்பது?
– நாகர்கோவில் வாசகி

பதில்: பழைய காமிக்ஸ்களில் பெரும்பாலானவை செய்தித்தாள் வகைத் தாளில் அச்சானவை. அந்தத் தாளில் இருக்கும் அமிலமே அதை மஞ்சளாக்கி, பிறகு ஒடியச் செய்கிறது. வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. எனவே கான்கிரீட் கூரையை ஒட்டிய பரண் வேண்டவே வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டாத, காற்றோட்டமுள்ள உள்ளறை அலமாரியே ஏற்ற இடம். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் ஒட்டிக்கொண்டு மையை இழுத்துவிடும் என்பதால் பாலிபுரொப்பிலீன் உறைகளைக் கேட்டு வாங்குங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும், அட்டைக்கு லேமினேஷன் போடுவதும் திருத்த முடியாத தவறுகள். இராமபாணப் பூச்சிக்கு, ஏட்டுச்சுவடிகளைக் காத்த அதே வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்; பின்கள் துருவேறியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: எல்லா இதழ்களையும் ஸ்கேன் செய்துகொண்டு, பிறகு விற்கலாம் என்று இருக்கிறேன். அந்தக் கோப்புகளையும் சிலர் விலைக்குக் கேட்கிறார்கள்.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்கள் பிரதியை விற்க உங்களுக்கு உரிமை உண்டு. கோப்புகளை விற்க உரிமை இல்லை. கதையின் உரிமை படைப்பாளிகளிடமும் பதிப்பகத்திடமும் இருக்கிறது. ஸ்கேன் செய்வதற்காக முதுகை அழுத்தி விரித்தால் நடுத்தாள் கழன்று, விற்கப்போகும் பிரதியே சேதமாகும். அட்டைகளை மட்டும் படமெடுத்து நோட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.