பழைய கிட்டார்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

அப்பிச்சி விட்டுப்போன ஜிப்சன் கிட்டார் இருக்கிறது. என்ன விலை போகும்? (பொள்ளாச்சி)

ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரே ஒரு போட்டோ, அதுவும் முன்பக்கம் மட்டும். உங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானுங்க விலை பேசுவார்கள். தலைப்பலகையில் உள்ள பெயரை நிதானமாகப் படியுங்கள். கிவ்சன் என்றால் கல்கத்தா, ஜிப்சன் என்றால் அமெரிக்கா. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். பெயர் சரியாக இருந்தால் தலைப்பலகையின் பின்புறம், துளைக்குள் டார்ச் அடித்துக் கழுத்து வந்து சேரும் உள்கட்டை, இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

வால்பாறை எஸ்டேட் பங்களாவிலிருந்து வாங்கி வந்தது. திருப்பூர் வந்த மூன்றாம் மாதமே டாப்பில் (முன்பலகையில்) விரிசல். (திருப்பூர்)

மலை ஈரத்தில் ஊறிக் கிடந்த மரத்தை ஏசி அறையில் மாட்டினால் சுருங்கத்தான் செய்யும். நார்வாக்கில் ஓடும் விரிசல் என்றால் பயமில்லை, ஒட்டிவிடலாம். கிட்டாரைக் கேஸுக்குள் வைத்து, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தாள் போட வேண்டாம்.

1974 மார்ட்டின் டி-28 கிட்டார். பின்பலகை பிரேசில் ரோஸ்வுட் என்கிறார் விற்பவர். (கோவை)

மார்ட்டின் 1969 வாக்கிலேயே நம்ம ஈட்டி மரத்துக்கு, அதாவது இந்திய ரோஸ்வுட்டுக்கு, மாறிவிட்டது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பாலிஷ் எல்லாம் சிலந்தி வலை மாதிரி வெடித்திருக்கிறது, பிரிட்ஜும் (டாப்பில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டை) லேசாகத் தூக்கியிருக்கிறது. கட்டில் பீரோ செய்யும் ஆசாரி புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். (ஈரோடு)

வேண்டாம். இதை எத்தனை தடவை எழுதுவது? அந்த வலை பழைய லாக்கர் பாலிஷ் மூப்பதின் அடையாளம், நோய் இல்லை. வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் அசல் என்று நம்புவார். சுரண்டிப் புதுப் பாலிஷ் அடித்தால் விலை பாதியாகிவிடும். டாப் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்புத்தாள் பாலிஷோடு நிற்காமல் மரத்தையும் தின்னும்.

பிரிட்ஜ் கதை இன்னும் மோசம். என்னிடம் வந்த ஒரு அறுபதுகளின் கிட்டாரில் வெள்ளைப் பசையை அப்பி, மேலே இரண்டு மர ஸ்க்ரூவையும் முடுக்கியிருந்தார்கள். ஸ்க்ரூ உள்ளே டாப்பைத் தாங்கும் பிரேஸ் சட்டத்தைப் பிளந்துகொண்டு போயிருந்தது. பசையைச் சுரண்டவே எனக்கு இரண்டு நாள். ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். அந்த இழுப்பில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நகரும். சூடாக்கிப் பூசும் பழைய வஜ்ரம் (தோல் பசை) நகராது, தேவைப்பட்டால் சுத்தமாகப் பிரிக்கவும் வரும். ஆசாரியின் கைவேலையைக் குறை சொல்லவில்லை, கட்டிலை யாரும் 70 கிலோ கம்பியில் இழுத்துக் கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போதைக்குக் கம்பியைத் தளர்த்துங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் முழுசாகக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும்.

நைலான் கம்பி கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டலாமா? (கோபி)

கூடாது. அது தாங்குவது 40 கிலோ.

1972 மார்ட்டின், கம்பி ரொம்ப உயரமாக நிற்கிறது. கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடை (வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) எந்தப் பக்கம் திருக வேண்டும்? (கரூர்)

1985-க்கு முந்தைய மார்ட்டினில் திருகும் ராடே கிடையாது. அப்புறம் எதைத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள்? ஆலன் கீயை வைத்துவிட்டுக் கிட்டாரோடு வாருங்கள், கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்ற வேண்டியிருக்கும். வழியில் சாப்பிட இறங்கினால் கிட்டாரையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பசை இளகிவிடும்.